கைவிரித்தவரும் கட்டி முடித்தவரும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு பனிக்கால இரவு. ஸ்காபரோவில் ஒரு மாடிக்குடியிருப்பின் பன்னிரண்டாவது தளத்தில், நண்பர் ஒருவரின் குசினி மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பலசரக்குக் கடைப் பை. பைக்குள் இருந்தவை சாமான்களல்ல, உடைக்கப்படாத கடிதங்கள். கடனட்டைக் கம்பனிகளிலிருந்து வந்தவை, வங்கியிலிருந்து வந்தவை, தளபாடக் கடையிலிருந்து வந்தவை. நண்பரின் மனைவி ஒவ்வொன்றாக உடைத்துத் தந்தார். எங்களில் கணக்குத் தெரிந்த ஒருவர் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டு போனார்.

கடிதமாக வராத கடன்களும் இருந்தன. ஆரம்பத்திலேயே கழிவுக்கு எடுத்துவிட்ட சீட்டு. கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்த தம்பியை எடுப்பதற்கு எஜென்சிக்காரனுக்குக் கட்டவெனப் பெரியப்பாவிடம் வாங்கிய கைமாற்று. தங்கையின் சீதனத்துக்காக வட்டிக்கு எடுத்தது. நண்பர் வேலை செய்த தொழிற்சாலையில் இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் ஆட்குறைப்பு நடந்திருந்தது.

"பேசாமல் அடிச்சுப்போட்டு நிம்மதியா இரும்" என்றார் எங்களில் மூத்தவர்.

"பாங்ரப்சி அடிச்சவன் எண்டு ஊர் முழுக்கக் கதைக்குமண்ணை. நாளைக்குத் தங்கச்சியின்ரை கலியாணத்திலை அதையும் கதைப்பாங்கள்" என்றார் இன்னொருவர்.

"இப்ப புதுச் சட்டம் ஒண்டு வந்திருக்கு. புரொப்போசல் எண்டு. பாதியைத் தவணையிலை கட்டினாக் காணுமாம்" என்றார் மூன்றாமவர்.

நண்பர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில், "இதிலை எது மரியாதையான வழி? அதை மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டார். எங்களில் எவரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நாம் பல வருடங்கள் சுமந்து திரிந்தோம். பின்னர் இலக்கிய வரலாற்றை வாசிக்கும்போது, எமக்கு நன்கு அறிமுகமான இரண்டு எழுத்தாளர்கள் இதே மேசையில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். ஒருவர் சேர் வோல்ட்டர் ஸ்கொட். மற்றவர் மார்க் ட்வெய்ன்.

* * *

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஈழத்தில் நாம் 'வங்குரோத்து' என்கிறோம். இது கடல் கடந்து வந்த ஐரோப்பியர் எமது கரையில் விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று. இதன் மூலம் இத்தாலிய மொழியில் 'உடைந்த வாங்கு' என்று பொருள்படும் சொற்றொடர். சந்தையில் வாங்கு போட்டு உட்கார்ந்து பணம் மாற்றிய வணிகனின் தொழில் முறிந்தது என்பது கருத்து. தமிழகத்தில் இதையே 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்' என்பார்கள். இலங்கையில் இதற்கான கட்டளைச் சட்டம் 1853ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஊரில் இச்சொல்லை நாம் சட்டச் சொல்லாக அறிந்திருக்கவில்லை, வசைச் சொல்லாகவே அறிந்திருந்தோம். புலம்பெயர்ந்த பின்னர் 'அடித்தல்' என்ற வினையை நாமே அதனோடு சேர்த்துக்கொண்டோம். தந்தி அடித்தவர்கள், பெற்றிசம் அடித்தவர்கள் பாங்ரப்சியும் அடித்தார்கள்.

* * *

1826ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோல்ட்டர் ஸ்கொட்டுக்கு வயது 54. கவிஞராகப் புகழ்பெற்றவர். 1814இல் 'வேவர்லி' நாவலைப் பெயர் போடாமல் வெளியிட்டு, தொடர்ந்து எழுதிய நாவல்களால் ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டவர். சட்டம் படித்தவர். எடின்பரோ உயர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞர் பதவியும், செல்கேர்க் பகுதியில் ஷெரீப் பதவியும் வகித்தவர். இரண்டு பதவிகளாலும் வருடத்துக்கு ஏறக்குறைய 1600 பவுண் சம்பளம் வந்தது. ட்வீட் நதிக்கரையில் 1811இல் ஒரு சிறு பண்ணையை வாங்கி, அதை அபொட்ஸ்போர்ட் என்ற மாளிகையாகக் கட்டியெழுப்பினார். பக்கத்து நிலங்களையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். காணி வாங்கும் ஆசை யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரியதன்று.

ஊர் அறியாத ஒன்றும் இருந்தது. ஜேம்ஸ் பலன்ரைன் என்ற பால்ய நண்பரின் அச்சகத்தில் ஸ்கொட் இரகசியப் பங்காளி. அச்சகம் ஆர்ச்சிபோல்ட் கொன்ஸ்டபிள் என்ற பதிப்பாளரோடு பிணைந்திருந்தது. கொன்ஸ்டபிளின் நிறுவனம் லண்டனில் ஹேர்ஸ்ட், ரொபின்சன் என்ற முகவர்களோடு பிணைந்திருந்தது. மூன்று இடத்திலும் கைக்காசு குறைவு. ஒருவருக்கொருவர் உண்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, வங்கியில் கழிவுக்கு மாற்றிக் காலம் ஓட்டினார்கள். அச்சகம் கொன்ஸ்டபிளின் உண்டியலை வைத்துப் பணம் எடுக்கும். அதற்கு ஈடாக அதே தொகைக்கு எதிர் உண்டியல் ஒன்றை எழுதிக் கொன்ஸ்டபிளிடம் கொடுத்துவைக்கும். நெருக்கடி முற்றியபோது கொன்ஸ்டபிள் அந்த எதிர் உண்டியல்களையும் வங்கியில் மாற்றிவிட்டார். ஒரு கடன் இரண்டாயிற்று. ஒரு கடனட்டையால் இன்னொரு கடனட்டையைக் கட்டிய எம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1825 டிசம்பரில் லண்டனில் பெரும் வங்கி நெருக்கடி வெடித்தது. தென்னமெரிக்கக் கடன் பத்திரங்களிலும் சுரங்கங்களிலும் சூதாடிய பணம் கரைந்து, பல வங்கிகள் கதவை மூடின. அந்த வாரங்களில் ஸ்கொட் செய்த ஒரு காரியத்தை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்களைக் காப்பாற்றலாம் என்று எண்ணி, அபொட்ஸ்போர்ட்டை ஈடுவைத்து 10,000 பவுண் எடுத்து அந்தக் குழிக்குள் போட்டார். அது ஒரு மாதத்துக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. 1826 ஜனவரி நடுப்பகுதியில் லண்டன் முகவர்கள் விழுந்தார்கள், கொன்ஸ்டபிள் விழுந்தார், அச்சகமும் விழுந்தது. ஸ்கொட்டின் தலையில் வந்து நின்ற கடன் 1,20,000 பவுணைத் தாண்டியது.

சட்டம் அறிந்த ஸ்கொட்டின் முன் இரண்டு வழிகள் இருந்தன. வங்குரோத்தை ஏற்று, உள்ள சொத்தைக் கடன்காரரிடம் ஒப்படைத்து, சட்டப்படி விடுதலை பெறலாம். அதன் பின் எழுதும் எழுத்தின் வருமானம் முழுவதும் அவருடையது. அல்லது கடன்காரரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, சொத்தையும் இனி எழுதப்போவதையும் பொறுப்பாளர்கள் கையில் கொடுத்து, முழுக் கடனையும் உழைத்துத் தீர்க்கலாம். நீதிமன்ற வழிதான் காலப்போக்கில் தனக்கு இலாபம், கடன்காரருக்கு நட்டம் என்பதை அவர் தம் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். அப்படித் தெரிந்துகொண்டே இரண்டாவது வழியைத் தேர்ந்தார். உதவ முன்வந்தவர்களையும் மறுத்தார். மகளுக்கு யாழ் கற்பித்த ஓர் ஏழை வாத்தியார் தம் சேமிப்பான ஐந்நூறு அறுநூறு பவுணைத் தர முன்வந்தார் என்ற செய்தி அந்த நாட்குறிப்பில் இருக்கிறது.

உடன்பாட்டின்படி எடின்பரோ காசில் வீதி வீடு விற்கப்பட்டது. உத்தியோகச் சம்பளத்தை அவரே வைத்துக்கொள்ளலாம், அபொட்ஸ்போர்ட்டில் வாடகையின்றி இருக்கலாம் என்று கடன்காரர் இணங்கினார்கள். நெருக்கடிக்கு ஒரு வருடம் முன், 1825 ஜனவரியில், மூத்த மகனின் திருமணத்தை ஒட்டி அபொட்ஸ்போர்ட்டை மகன் பெயருக்கு ஸ்கொட் எழுதிவைத்திருந்தார். அந்த உறுதியை நீதிமன்றத்தில் உடைக்கலாமா என்று கடன்காரரில் சிலர் யோசித்துப் பின்னர் கைவிட்டார்கள். தியாகத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்த உறுதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதன் பிறகு ஆறரை ஆண்டுகள் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1826 மே மாதத்தில் மனைவி சார்லொட் இறந்தார். சில நாட்களில் அவர் மேசைக்குத் திரும்பினார். ஒன்பது பாகங்களில் நெப்போலியன் வரலாறு 1827இல் வெளிவந்தது. அந்த வருட டிசம்பரில் கடன்காரருக்குப் பவுணுக்கு ஆறு சிலிங் கொடுக்கப்பட்டது. ஒரு பவுணுக்கு இருபது சிலிங் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க. அதே 1827இல், உடன்பாட்டுக்கு இணங்காத லண்டன் கடன்காரர் ஒருவர் அவரைப் பிடித்துச் சிறையில் போட முனைந்தார். ஹொலிரூட் மடத்து எல்லைக்குள் தஞ்சம் புக ஸ்கொட் ஆயத்தமானார். கடனாளியைச் சட்டம் தொட முடியாத இடம் அது. இறுதியில் அந்தக் கடனை வங்கியாளர் சேர் வில்லியம் போர்ப்ஸ் வெளியே தெரியாமல் தம் பணத்தில் தீர்த்தார். இளமையில் ஸ்கொட் காதலித்த பெண்ணை மணம் முடித்தவர் இந்தப் போர்ப்ஸ்தான். அவர் இறந்த பிறகே ஸ்கொட்டுக்கு உண்மை தெரிந்தது.

1830 பெப்ரவரியில் பாரிசவாதம் தாக்கியது. டிசம்பரில் பவுணுக்கு இன்னும் மூன்று சிலிங். நன்றியாகக் கடன்காரர் அவருடைய புத்தகங்களையும் தளபாடங்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மூளை தளர்ந்த நிலையிலும் மேலும் இரண்டு நாவல்களை எழுதி முடித்தார். உடல்நலம் தேடி இத்தாலிக்குப் போனபோது, கடனெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நம்பத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் அந்த மயக்கத்தைக் கலைக்கவில்லை. 1832 செப்டம்பர் 21இல் அபொட்ஸ்போர்ட்டில் இறந்தபோது ஏறத்தாழ 54,000 பவுண் பாக்கி இருந்தது.

அந்தப் பாக்கியைத் தீர்த்தது யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருப்பதாக நாம் கருதுகிறோம். 22,000 பவுண் அவருடைய ஆயுட் காப்புறுதியிலிருந்து வந்தது. 30,000 பவுணை ரொபேர்ட் கடெல் என்ற பதிப்பாளர், நூல்களின் உரிமையை ஈடாகப் பெற்றுக்கொண்டு, முன்பணமாகக் கொடுத்தார். 1833இல் பழைய கடன்காரர் கணக்கு மூடப்பட்டது. 1847இல் எஞ்சிய நூலுரிமைகளும் கடெலிடம் போய்ச் சேர, எல்லாம் தீர்ந்தது.

கடெல் வேறு யாருமல்லர், வங்குரோத்தான கொன்ஸ்டபிளின் பங்காளி. 1826இல் ஹொலிரூட் எல்லைக்குள் ஒளிந்திருந்தவர். அவர்களுடைய நிறுவனம் கடன்காரருக்குக் கொடுத்தது பவுணுக்கு இரண்டு சிலிங் ஒன்பது பென்ஸ் மட்டுமே. கொன்ஸ்டபிள் 1827இல் மனமுடைந்து இறந்தார். ஆனால் கடெல் கைவிரித்துவிட்டு எழுந்து வந்தார். தலையில் பழைய சுமை இல்லாததால் புதிதாகத் தொழில் தொடங்க முடிந்தது. ஸ்கொட்டின் பொறுப்பாளர்களோடு சேர்ந்து, ஏலத்துக்கு வந்த 'வேவர்லி' நாவல்களின் உரிமையை வாங்கினார். 1829 முதல் மாதம் ஒரு பாகமாக, ஐந்து சிலிங் விலையில், ஸ்கொட்டின் புதிய முன்னுரைகளோடு 48 பாகங்களை வெளியிட்டார். விற்பனை மாதத்துக்கு முப்பதினாயிரம் பிரதிகளைத் தாண்டியது. 1849இல் அவர் இறந்தது செல்வந்தராக. ஸ்கொட் கட்டி முடித்தவர் என்று உலகம் புகழ்கிறது. அவர் கட்டி முடிப்பதற்குக் கைவிரித்த ஒருவர் தேவைப்பட்டார்.

* * *

மார்க் ட்வெய்னுக்கு ஸ்கொட்டைக் கண்ணில் காட்டக் கூடாது. அமெரிக்கத் தென் மாநிலத்தாருக்குப் போலிப் பிரபுத்துவ மோகத்தை ஊட்டி உள்நாட்டுப் போருக்கே காரணமானவர் ஸ்கொட் என்று 1883இல் வெளியான தம் மிசிசிப்பி நூலில் எழுதினார். 'ஹக்கிள்பெரி பின்' நாவலில் பாறையில் மோதிச் சிதையும் நீராவிப் படகுக்கு 'வோல்ட்டர் ஸ்கொட்' என்று பெயர் வைத்தார். அந்த நாவலை அமெரிக்காவில் வெளியிட்டது ட்வெய்ன் தாமே தொடங்கிய சார்ல்ஸ் வெப்ஸ்டர் பதிப்பகம். அதே பதிப்பகம்தான் அவரையும் பாறையில் மோதவைத்தது.

ஆரம்பத்தில் பதிப்பகம் ஓடியது. ஜெனரல் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, அவருடைய மனைவிக்கு 2,00,000 டொலர் காசோலை கொடுத்த நிறுவனம் அது. ஆனால் பேஜ் என்பவர் கண்டுபிடித்த எழுத்துக் கோக்கும் இயந்திரத்தில் ட்வெய்ன் தம் பணத்தையும் மனைவி ஒலிவியாவின் முதுசத்தையும் வருடக்கணக்காகக் கொட்டினார். ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட அந்த இயந்திரம் சரியாக இயங்கவே இல்லை. 1893இன் பொருளாதார நெருக்கடி வந்தது. 1894 ஏப்ரல் 18இல் பதிப்பகம் விழுந்தது. தொண்ணூறுக்கு மேற்பட்ட கடன்காரர், ஏறத்தாழ 1,00,000 டொலர் கடன்.

அன்று அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான வங்குரோத்துச் சட்டம் இருக்கவில்லை. பழையது 1878இல் நீக்கப்பட்டிருந்தது, அடுத்தது 1898இல்தான் வந்தது. ஸ்ராண்டர்ட் ஒயில் நிறுவனத்தின் ஹென்றி ரொஜர்ஸ் நண்பராக வந்து பேரத்தைக் கையிலெடுத்தார். அவர் முதலில் செய்தது, பதிப்பகத்துக்குக் கடன் கொடுத்தவர் என்ற முறையில் ஒலிவியாவைக் கடன்காரர் வரிசையில் முன்னுக்கு நிறுத்தி, ட்வெய்னின் நூலுரிமைகளை அவர் பெயருக்கு மாற்றியது. மற்றவர்களுக்கு டொலருக்கு 50 சதம் என்பது பேச்சு. ஆனால் ஒலிவியா முழுவதையும் கட்டியே தீரவேண்டும் என்று நின்றார், ட்வெய்னும் அதற்கு இணங்கினார்.

1895 ஜூலையில், 59 வயதில், உலகம் சுற்றிப் பேசிச் சம்பாதிக்கப் புறப்பட்டார். கனடாவில் கப்பலேறுமுன், கடனைச் சதம் பாக்கியின்றித் தீர்ப்பேன் என்று பத்திரிகைக்கு அறிவித்தார். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து வழியாக 1896 ஜனவரி நடுப்பகுதியில் கொழும்பில் வந்து இறங்கினார். எமது நாட்டு மக்களின் உடையின் வண்ணங்களில் சொக்கிப்போனதையும், மிசன் பள்ளியொன்றிலிருந்து ஐரோப்பிய உடுப்பில் அணிவகுத்து வந்த சிறுமிகளைக் கண்டு மனம் கசந்ததையும் பின்னர் பயண நூலில் எழுதினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் மேடையேறினார். சிரிக்கவைத்துக் கடன் கட்டிய மனிதர் அவர்.

1896 ஓகஸ்ட் 18இல், அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் சூசி மூளைக் காய்ச்சலால் 24 வயதில் இறந்தார். தாய் கடலில் இருந்தார், தந்தை வேறு கரையில் இருந்தார். தந்தி மூலம் மரணச் செய்தி பெற்ற எம்மவர் எத்தனை பேர் இதை வாசிக்கிறார்களோ நாம் அறியோம். 1898 தொடக்கத்தில் வியன்னாவில் இருந்தபோது கடன் முழுவதும் தீர்ந்தது. பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. யாரோடு ஒப்பிட்டுத் தெரியுமா? சேர் வோல்ட்டர் ஸ்கொட்டோடு.

* * *

இந்த இரு கதைகளும் 'மானஸ்தன் முழுவதையும் கட்டுவான்' என்ற பாடத்துக்கே பயன்படுத்தப்பட்டு வந்திருக்கின்றன. நாம் வேறொன்றையும் காண்கிறோம். ஸ்கொட்டிடம் வருடம் தவறாத சம்பளமும், மகன் பெயரில் மாளிகையும், பொறுமையான வங்கியாளரும் இருந்தார்கள். ட்வெய்னிடம் ரொஜர்சும், மனைவி பெயரில் நூலுரிமையும் இருந்தன. தவணை உடன்பாடு என்பது நாளைக்கும் வருமானம் வரும் என்ற உறுதியில் கட்டப்படும் வீடு. அந்த உறுதி இல்லாதவன் தவணைக்குக் கையெழுத்து வைத்தால், அது அபொட்ஸ்போர்ட்டை ஈடுவைத்து எடுத்த அந்தக் கடைசி 10,000 பவுண் போலத்தான் முடியும்.

நாம் வாழும் நாடுகளின் சட்டங்களும் மெதுவாகவே இதை ஏற்றுக்கொண்டன. ஸ்கொட் கையெழுத்திட்ட வகையான பொறுப்பாளர் உறுதி இன்றும் ஸ்கொட்லாந்தில் சாதாரணக் கடனாளிகளுக்கு உண்டு. இங்கிலாந்தில் கடன்காரரோடு செய்துகொள்ளும் தனிநபர் உடன்பாடு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்கள் வாக்களித்து இணங்கினால் மற்றவர்களையும் அது கட்டும். ஜேர்மனியில் 1999 வரை சாதாரண மனிதருக்குக் கடனிலிருந்து விடுதலையே இல்லை. தீர்ப்பைக் கையில் வைத்திருந்த கடன்காரர் முப்பது வருடம் துரத்தலாம். இன்று மூன்று வருடங்களில் விடுதலை கிடைக்கிறது. கனடாவில் 1992இல் வந்த திருத்தம்தான் அன்று எங்கள் மேசையில் பேசப்பட்ட 'புரொப்போசல்'. ஆகக்கூடியது ஐந்து வருடத் தவணை. மூன்று மாதத் தவணை தவறினால் உடன்பாடே இரத்தாகி, பழைய கடன் முழுவதும் திரும்பி வந்து நிற்கும். முதன்முறை வங்குரோத்தானவருக்கு ஒன்பது மாதத்தில் விடுதலை கிடைக்க அதே திருத்தம் வழி செய்தது.

அடுத்த வாரம் நண்பர் பொறுப்பாளரிடம் போனபோது நாமும் ஒருவர் கூடப் போனோம். அதற்கு முதல்நாள், வங்கியில் மிஞ்சிக் கிடந்த 2,000 டொலரைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிடுமாறு எங்களில் ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார். நல்ல காலம், அவர் கொடுக்கவில்லை. சொந்தக்காரருக்கு முன்கூட்டிக் கொடுத்ததைப் பொறுப்பாளர் திருப்பி வாங்க முடியும் என்பது அங்கேதான் தெரிந்தது. ரொஜர்ஸ் ஒலிவியாவுக்குச் செய்தது போல இங்கே செய்ய முடியாது. பெரியப்பாவின் பெயரும் சீட்டுக்காரியின் பெயரும் வங்கிகளோடு ஒரே பட்டியலில் எழுதப்பட்டன. நண்பருக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

வேலை இல்லை, தவணைக்கு வழியில்லை. அவர் கையெழுத்திட்டது வங்குரோத்துப் பத்திரத்தில். ஊர் கதைத்தது. இரண்டு வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பது மாதத்தில் விடுதலைப் பத்திரம் வந்தது. அதற்குள் வேறொரு தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்திருந்தது. அதன் பின் வங்கிகளுக்கு அவர் எதுவும் கட்டவில்லை, சட்டம் கேட்கவும் இல்லை. ஆனால் சட்டம் கேட்காத இன்னொன்றை அவர் செய்தார். சீட்டுக்காரிக்கும், வட்டிக்குக் கொடுத்தவருக்கும், பெரியப்பாவுக்கும் மாதம் நூறு, நூற்றைம்பது என்று கடித உறையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறு வருடங்களுக்கு மேல் எடுத்தது.

எது மரியாதை என்ற அவருடைய கேள்விக்கு நாம் இன்றைக்கும் பதில் சொல்லவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை. கடைசி உறையைக் கொடுத்த நாளில் என்ன நடந்தது என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பெரியப்பா உறையைத் திறந்து எண்ணவில்லை. தொலைக்காட்சிக்கு மேலே வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாராம்.